ஓசூர்ல குதிரை ஷோ: உதவிக்கு வர்ற 20 பசங்களை எங்கெங்க நிறுத்துறது?

பாகலூர்_ரோடு எழுதியது:

வணக்கம். தை மூணாவது வாரம் சனி, ஞாயிறு மத்திகிரி பக்கம் ஒரு பள்ளி மைதானத்துல குதிரை ஷோ. சனிக்கிழமை காலையில டிரெஸ்ஸாஜ் (குதிரையை வரிசையா அசைவு செய்ய வச்சு மார்க் போடுறது), 20க்கு 40 மீட்டர் அரீனா. மதியத்துல இருந்து ஞாயிறு சாயந்தரம் வரைக்கும் ஷோ ஜம்பிங் (தடை தாண்டுறது), உயரம் 60 செ.மீ.ல தொடங்கி 1 மீட்டர் வரைக்கும். பெங்களூர், ஓசூர் ரெண்டு பக்கமும் சேர்த்து 60 குதிரை வரும்னு கணக்கு. ஜட்ஜ், கோர்ஸ் டிசைனர் (தடைகளை அளந்து அமைக்கிறவர்), வெட் (கால்நடை டாக்டர்) மூணு பேரும் வெளியில இருந்து வர்றாங்க. மீதி எல்லாம் நம்ம தலையில.

கல்லூரி என்.எஸ்.எஸ். பசங்க 20 பேர் வர்றாங்க. வேலைக்குச் சளைக்காத பசங்க, ஆனா குதிரை பக்கத்துல ஒருத்தனும் நின்னதில்லை. இவங்களை எப்படிப் பிரிக்கிறது, முதல் நாளே என்ன சொல்லிக் கொடுக்கணும், எந்த இடத்துல வழக்கமா சொதப்பும்? தடைக்கான கம்பு எல்லாம் இங்கேயே சவுக்குல செஞ்சு பெயின்ட் அடிக்கிறதா இருக்கோம், 3.5 மீட்டர் நீளம். மைதானம் செம்மண், நடுவுல கொஞ்சம் புல்லு.

---

லாயம்_பக்கம்:

20 பேர் தாராளம். ரிங்குக்குள்ள 8, கேட்ல 2, பிராக்டிஸ் ரிங்ல 2, ஜட்ஜ் பக்கத்துல மார்க் எழுத, மார்க்கைக் கூட்ட, நேரம் பார்க்க 4, லாயம், தண்ணி, சாணி மூணுக்கும் 3. மிச்சம் ஒருத்தன் ஓட்டத்துக்கு: பேப்பர் கொண்டு போக, வெட்டைக் கூப்பிட. அந்த ஒருத்தனுக்கு வேற எந்த வேலையும் கொடுக்காதீங்க.

சொதப்புறது பெரும்பாலும் ரிங்குக்குள்ளதான். அங்க ஆர்வக்கோளாறு உள்ளவனைவிட நிதானமானவன்தான் வேணும். கம்பு விழுந்த உடனே எடுத்து வைக்க ஓடுறதுதான் புதுசா வர்ற எல்லாருக்கும் கை அரிக்கிற வேலை. ஓடக்கூடாது. குதிரை தாண்டிப் போயிடுச்சு, கம்பு விழுந்துச்சுன்னா 4 ஃபால்ட் (தண்டனைப் புள்ளி), அவ்வளவுதான். ரவுண்ட் முடிஞ்சு குதிரை ஃபினிஷ் லைனைத் தாண்டினப்புறம் எடுத்து வைக்கலாம். ரெண்டே சூழ்நிலையில மட்டும் நடுவுல போகணும். ஒண்ணு, விழுந்த கம்பு உருண்டு குதிரை இனி வரப்போற பாதையில கிடந்தா. அதுவும் குதிரை மைதானத்தோட அந்தப் பக்கம் இருக்கும்போது. இன்னொண்ணு, குதிரை தாண்ட மறுத்து நின்னு தடையைக் கலைச்சுட்டா. அப்ப ஜட்ஜ் மணி அடிப்பார், கடிகாரம் நிக்கும். ரெண்டு பேர் ஓடிப் போய்க் கட்டி, விலகி நின்னு கையைத் தூக்கிக் காட்டணும். அந்தக் கையைப் பார்த்துத்தான் திரும்ப மணி அடிப்பாங்க. ரைடரோட நேரத்துல 6 செகண்ட் சேர்ப்பாங்க, அதை நேரம் பார்க்கிறவன் குறிச்சு வைக்கணும்.

8 பேரை நாலு ஜோடியாப் பிரிச்சு, ஜோடிக்கு ரெண்டு மூணு தடை கொடுங்க. தன் தடை எத்தனாவது நம்பர், குதிரை எந்தப் பக்கம் இருந்து வரும், ஜம்ப் ஆஃப்ல (சமநிலையைத் தீர்க்கிற கடைசிச் சுற்று) அது இருக்கா இல்லையா, இந்த மூணும் மனப்பாடமா இருக்கணும். நிக்கிற இடம் தடைக்குப் பக்கவாட்டுல, தள்ளி. குதிரை வர்ற நேர்க்கோட்டுலயும் இறங்குற நேர்க்கோட்டுலயும் நிக்கவே கூடாது.

கட்டும்போது பார்க்க வேண்டியது:

கப்போட (ஸ்டாண்ட்ல மாட்டுற, கம்பு உட்கார்ற கிண்ணம்) உயரம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஸ்டாண்ட்ல துளை 5 செ.மீ.க்கு ஒண்ணு இருந்தா கீழ இருந்து எண்ணி வைக்கிறது சரி. ஆனா செம்மண் தரை மேடு பள்ளமா இருக்கிறதால துளை எண்ணிக்கை சரியா இருந்தும் கம்பு சாய்ஞ்சே நிக்கும். அளவுக்குச்சியால கம்பு நடுவுல அளந்து பார்க்கணும். வெர்டிகல்ல (ஒரே வரிசையில நேரா நிக்கிற தடை) கப் குதிரை இறங்குற பக்கம் இருக்கணும். வர்ற பக்கம் மாட்டினா இடிச்ச கம்பு ஸ்டாண்ட்லயே முட்டி நிக்கும், விழாது. காலிக் கப் ஸ்டாண்ட்ல தொங்கவே கூடாது, கழட்டி வாளியில போடுங்க. குதிரை காலைக் கிழிக்கிறது அதுதான். ஆக்சர்ல (முன்னும் பின்னும் ரெண்டு வரிசைக் கம்பு இருக்கிற அகலத் தடை) பின்பக்கம் ஒரே ஒரு கம்பு, அதுக்கு சேஃப்டி கப் (இடிச்சா தானா விடுபடுறது) கட்டாயம். கொடி, தாண்டிப் போறவங்களுக்கு வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் வெள்ளை.

கோர்ஸ் டிசைனர் அளந்து வச்சு முடிச்ச உடனே ஒவ்வொரு ஸ்டாண்டோட கால் இருக்கிற இடத்துலயும் கோலமாவையோ சுண்ணாம்பையோ ஒரு கோடு போட்டுடுங்க. ஏன்னா ஒரு ஸ்ட்ரைடு (ஓட்டத்துல குதிரையோட ஒரு எட்டு) சுமார் 3.6 மீட்டர். ரெண்டு தடைக்கு நடுவுல ஒரு ஸ்ட்ரைடுன்னா, இறங்கவும் எகிறவும் இடம் சேர்த்து 7.3 மீட்டர் பக்கம் இருக்கும். குதிரை மோதி ஸ்டாண்ட் சாய்ஞ்சு, பசங்க திரும்ப நிறுத்தும்போது அரை மீட்டர் தள்ளி வச்சுட்டா அடுத்து வர்றவனுக்குக் கணக்கே தப்பு. குதிரை நெருங்கி வந்து இடிக்கும், இல்லன்னா தூரத்துல இருந்தே எகிறும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அதான் ஆபத்து.

சவுக்குக் கம்பு பத்தி: 10 செ.மீ. தடிமன், 3.5 மீட்டர் நீளம்னா காய்ஞ்ச சவுக்கு ஒண்ணு 20 கிலோவுக்கு மேல போகும். ரெண்டு பேர் தூக்கணும். அடி பெருத்து நுனி சிறுத்திருக்கும், அதனால ஒரு பக்கம் கப்புல இறுகும், இன்னொரு பக்கம் ஆடும். தச்சர்கிட்ட ரெண்டு முனையையும் கடைசி 15 செ.மீ.க்கு ஒரே அளவா இழைக்கச் சொல்லுங்க. கப்போட குழி 18ல இருந்து 30 மி.மீ. ஆழம்தான் இருக்கணும், கம்பு அதுல உருளணும். கொஞ்சம் வளைஞ்ச கம்புன்னா வளைவு கீழ் பக்கம் வர்ற மாதிரி வைங்க. நல்லா வளைஞ்சதை கிரவுண்ட் லைனுக்கு (தடைக்குக் கீழ தரையில போடுற கம்பு) தள்ளிடுங்க. பலகை வைக்கிற இடத்துல தட்டைக் கப்.

---

கேட்_ஸ்டூவர்டு:

மேல சொன்னது எல்லாம் சரி. ரிங்குக்குள்ள எல்லாம் ஒழுங்கா நடந்தும் ஷோ ரெண்டு மணி நேரம் பின்தங்குதுன்னா கேட்லதான் கோளாறு. 60 குதிரை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம் வீணானா ஒரு மணி நேரம் போச்சு.

கேட்ல ரெண்டு பேர். ஒருத்தன் கையில லிஸ்ட், ஒருத்தன் கேட்டைத் திறந்து மூட. உள்ள ஒருத்தர், கேட்ல ஒருத்தர், அவங்களுக்குப் பின்னாடி மூணு பேர் பெயர் போர்டுல. அந்த மூணு பேர்கிட்டயும் வாயால சொல்லி, அவங்க தலையாட்டினதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை. மைக்ல கூப்பிட்டாச்சேன்னு விட்டுடாதீங்க, பிராக்டிஸ் ரிங்ல மைக் காதுல விழாது. சைஸுங்கள்ல (குதிரையைப் பராமரிக்கிறவங்க) பாதிப் பேர் கன்னடம், உருது பேசறவங்க. நம்பரை விரல்ல காட்டிட்டா வம்பே இல்லை.

பசங்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஜட்ஜ் மணி அடிச்சதுல இருந்து ரைடருக்கு 45 செகண்ட். அதுக்குள்ள ஸ்டார்ட் லைனைத் தாண்டலைன்னா கடிகாரம் தானா ஓட ஆரம்பிச்சுடும். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணினா எலிமினேஷன். அதனால ரிங்ல கம்பு தூக்குற பசங்க ஒதுங்கி, ஜோடி எல்லாம் இடத்துல நிக்கிற வரைக்கும், கேட்காரன் அடுத்த குதிரையை உள்ள விடலாம், ஆனா ஜட்ஜ் மணியைத் தொடக்கூடாது. கேட், ரிங் தலைவர், ஜட்ஜ் மூணு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு சைகை வைங்க. கேட்டை முழுசாத் திறந்தே வைக்காதீங்க. கீழே விழுந்த ரைடரோட குதிரை முதல்ல தேடுறது வந்த வழியைத்தான்.

பிராக்டிஸ் ரிங்ல ஒரு வெர்டிகல், ஒரு ஆக்சர், ஒரு கிராஸ் (பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கம்பு) போதும். அங்க நிக்கிற பையன் நாலு விஷயம் பார்க்கணும். கொடி போட்ட திசையில மட்டும்தான் தாண்டணும். கம்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்ட வைக்கக்கூடாது. உயரம் நடக்கிற கிளாஸைவிட 10 செ.மீ.க்கு மேல போகக்கூடாது. கிரவுண்ட் லைன் தடைக்கு நேர் கீழயோ, வர்ற பக்கம் 1 மீட்டருக்குள்ளயோ இருக்கணும். பின்னாடி தள்ளி வச்சா குதிரை தூரத்தைத் தப்பாக் கணிக்கும். கோச் யாராவது சத்தம் போட்டா பையன் வாக்குவாதம் பண்ண வேண்டாம், ஸ்டூவர்டைக் (விதிமுறையைக் கவனிக்கிற அதிகாரி) கூப்பிட்டா போதும்.

நேரம் எப்படி முடிவாகுதுன்னும் சொல்லிக் கொடுங்க. கோர்ஸ் 380 மீட்டர், வேகம் நிமிஷத்துக்கு 325 மீட்டர்னா 380ஐ 325ஆல வகுத்து 60ஆல பெருக்கினா 70.15, மேல ஏத்தி 71 செகண்ட், அதுதான் ரைடருக்கு அனுமதிச்ச நேரம். டைம் லிமிட் அதுக்கு ரெண்டு மடங்கு, 142. எலெக்ட்ரானிக் டைமர் இருந்தாலும் கையில ரெண்டு ஸ்டாப்வாட்ச் ஓடணும், வெயில்ல டைமர் கண்ணு சில சமயம் வேலை செய்யாது.

---

காகிதக்_காரி:

டிரெஸ்ஸாஜ் பக்கம் யாரும் பேசலையே. ஜட்ஜ் பக்கத்துல உட்கார்ந்து எழுதற ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரை தெரிஞ்சவளா, கையெழுத்து நல்லா இருக்கிறவளான்னு யோசிச்சா கையெழுத்துக்கே ஓட்டு போடுங்க. ஜட்ஜ் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் சொல்லுவாங்க, வேகமா எழுதத் தெரியணும்.

வேலை இது: ஒவ்வொரு அசைவுக்கும் 0ல இருந்து 10 வரைக்கும் மார்க், அரை மார்க்கும் உண்டு, கூடவே ஒரு வரிக் குறிப்பு. மார்க் முதல்ல, குறிப்பு அப்புறம். குறிப்பு விட்டுப் போனா பரவாயில்லை, மார்க் ஒரு கட்டம் தள்ளி விழுந்தா மொத்தத் தாளும் குப்பை. ஒரு கட்டம் காலியா விட்டுட்டா நடுவுல கேக்காதீங்க, பக்கத்துல புள்ளி வச்சுட்டு கடைசியில குதிரை சல்யூட் அடிச்சு வெளிய போறப்ப கேளுங்க. தாளை எடுத்த உடனே குதிரை நம்பரையும் ரைடர் பெயரையும் பார்த்துக்கணும். வரிசை மாறி வர்றது சகஜம். வட்டத்துக்கு ஒரு வட்டம் வரைஞ்சா போதும், வார்த்தையை முழுசா எழுதிட்டு இருந்தா அடுத்த மார்க் போயிடும். முகத்துல சந்தோஷமோ வருத்தமோ காட்டக்கூடாது, போனை அணைச்சு வைக்கணும், தாளை அந்த மேஜையைத் தவிர வேற யாருக்கும் காட்டக்கூடாது.

கூட்டுறவங்க ரெண்டு பேர், தனித்தனியா. டபுள் மார்க் கட்டம் இருக்கும்: 6.5 போட்டிருந்தா 13. மொத்தம் 132.5, அதிகபட்சம் 200ன்னா 66.25 சதவீதம். ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்தப்புறம்தான் போர்டுல ஏறணும்.

அரீனா போடுறது முந்தின நாள் வேலை. முதல்ல 20 மீட்டர் கோடு, அப்புறம் 40 மீட்டர் பக்கங்கள். மூலையைக் கண்ணால பார்த்து நம்பாதீங்க. ரெண்டு மூலைவிட்டமும் 44.72 மீட்டர் இருக்கணும், ரெண்டும் ஒண்ணா வராம இருந்தா மூலையைத் தள்ளி வைங்க. எழுத்துப் பலகை: ஏ நுழையுற பக்கம் நடுவுல, சி எதிர்ப்பக்கம். ஏ பக்கம் நின்னு சியைப் பார்த்தா இடது கையில கே, இ, ஹெச். வலது கையில எஃப், பி, எம். நீளப் பக்கத்துல மூலையில இருந்து 6 மீட்டர், 14, 14, 6. பலகையைத் தடுப்புக்கு வெளியே அரை மீட்டர் தள்ளி வைங்க. ஏ மட்டும் குதிரை நுழைய இடம் விட்டு 5 மீட்டராவது தள்ளி. ஜட்ஜ் மேஜை சி பின்னாடி நடுக்கோட்டுல. தடுப்புக்குக் கயிறு கட்டாதீங்க, கால் சிக்கினா முடிஞ்சது. பிவிசி பைப்பைச் செங்கல் மேல வைக்கிறதும் வேண்டாம், உடைஞ்சா முனை கத்தி மாதிரி இருக்கும். குட்டை கோன் மேல லேசான குழாய், தொட்டா கழண்டு விழற மாதிரி.

---

மண்ணும்_தண்ணியும்:

தம்பி, மைதானத்துல நடுவுல கிரிக்கெட் பிட்ச் இருக்கா? கான்கிரீட் பிட்ச்னா அதுக்கு மேல மண்ணைக் கொட்டி மூடினாப் போதும்னு யாராவது சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. நாலு இஞ்சு மண்ணு லாடத்துக்குக் கீழ விலகிடும், கான்கிரீட்ல வழுக்கும். பிட்ச் ரிங்குக்கு வெளியே வர்ற மாதிரி 60க்கு 40 மீட்டர் ரிங்கை நகர்த்திப் போடுங்க. எலி வளை, பழைய கபடிக் கம்பிக் குழி எல்லாம் மண்ணு போட்டு இடிச்சு நிரப்பணும். மைதானத்துல பசங்க வரிசையா நடந்து கல்லு பொறுக்கட்டும், அதுதான் அவங்களோட முதல் வேலை.

செம்மண் காய்ஞ்சா பாறை, நனைஞ்சா வழுக்கல், நடுவுல இருக்கிற பதம்தான் வேணும். கணக்கு சுலபம். 60க்கு 40ன்னா 2,400 சதுர மீட்டர். 1 மி.மீ. தண்ணிக்கு 2,400 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் ஒண்ணு அடிச்சா ரெண்டு மி.மீ.தான் இறங்கும், தூசி அடங்கும், இறுக்கம் போகாது. அதனால ஷோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி டிராக்டர்ல கல்டிவேட்டரை 3 இஞ்சு ஆழத்துக்கு லேசா ஓட்டி, அப்புறம் முந்தின நாள் மாலை ரெண்டு மூணு டேங்கர் தண்ணி, ராத்திரி ஊற விட்டு காலையில மரப்பலகையை இழுத்துச் சமப்படுத்துங்க. ரொம்ப ஆழமா உழுதா குதிரையோட கால் தசைநார் இழுத்துக்கும். டேங்கர்ல பின்னாடி துளைக் குழாய் கட்டி அடிக்கணும். ஹோஸைத் திறந்து விட்டா ஒரு இடம் சேறு, ஒரு இடம் தூள். சனி மதியம் டிரெஸ்ஸாஜ் முடிஞ்சு ஜம்பிங்குக்கு முன்னாடி ஒரு தடவை, ஞாயிறு காலை லேசா ஒரு தடவை.

தை மாசம் ஓசூர்ல காலைப் பனி இருக்கும். புல்லு இருக்கிற பகுதி எட்டரை, ஒன்பது மணி வரைக்கும் ஈரமா வழுக்கும். பனி போற வரைக்கும் அந்தப் பக்கம் இறங்குற தடை எதையும் வைக்காதீங்கன்னு கோர்ஸ் டிசைனர்கிட்ட சொல்லிடுங்க.

குடிதண்ணிக்குத் தனி டேங்கர். குதிரைக்கு ஒரு நாளைக்கு 25ல இருந்து 40 லிட்டர், வேலை செஞ்ச அன்னைக்கு அதுக்கு மேலயும் போகும். 60 குதிரைக்கு 2,400 லிட்டர், குளிப்பாட்ட அதே அளவு. பொதுத் தொட்டி வைக்கவே கூடாது. ஒவ்வொருத்தரும் அவங்க வாளி. கிளாண்டர்ஸ் மனுசனுக்கும் ஒட்டுற நோய், மூக்குச் சளி வழியா பரவும். கிளாண்டர்ஸுக்கும் இ.ஐ.ஏ.வுக்கும் (குதிரைங்களுக்கு வர்ற தொற்று ரத்தசோகை) ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கான்னு லாரியில இருந்து இறக்குறதுக்கு முன்னாடியே பார்த்துடணும். இறக்கினப்புறம் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது. ஓரமா, 30 மீட்டர் தள்ளி ஒரு காலி லாயம் எப்பவும் தனியா இருக்கட்டும்.

மத்திகிரிக் கால்நடைப் பண்ணையே 1824ல ராணுவக் குதிரைக்காக ஆரம்பிச்சதுதான், அந்த ஊர் மண்ணுக்குக் குதிரை புதுசில்லை. பள்ளி மைதானத்துக்குத்தான் புதுசு.

---

பாகலூர்_ரோடு:

எல்லாருக்கும் நன்றி. பிட்ச் இருக்கு, நடுவுலயேதான். ரிங்கை மேற்குப் பக்கம் தள்ளி அளந்து பார்த்தோம், இடம் வருது.

இன்னும் ரெண்டு சந்தேகம். சிறப்பு விருந்தினர் வர்றாரு, கூடவே ஃப்ளெக்ஸ், மேளம், சால்வை எல்லாம் வரும். தடுக்க முடியாது. ரெண்டாவது, குதிரை கையை விட்டு ஓடிட்டா பசங்க என்ன பண்ணணும்?

---

லாயம்_பக்கம்:

ஃப்ளெக்ஸ்தான் குதிரையோட ஜென்ம விரோதி. காத்துல படபடக்கிறது ஒரு பக்கம், அதுல இருக்கிற பெரிய முகம் இன்னொரு பக்கம். ரிங்கைச் சுத்தி 10 மீட்டருக்குள்ள வேண்டாம். கட்டியே ஆகணும்னா பார்வையாளர் பந்தலுக்குப் பின்னாடி, நாலு பக்கமும் ஒரு அடிக்கு ஒரு கயிறு போட்டு விறைப்பா. வெள்ளிக்கிழமை சாயந்தரமே கட்டி முடிச்சுடுங்க. குதிரைங்க முந்தின நாள் பார்த்துப் பழகினதுக்குப் பயப்படாது, கிளாஸ் நடுவுல புதுசா முளைச்சதுக்குத்தான் மிரளும். பந்தல் துணியையும் இழுத்துக் கட்டுங்க.

மேளம் வாசல்லயே நிக்கட்டும், பட்டாசு எங்கேயும் வேண்டாம். சால்வை, பேச்சு எல்லாம் ரெண்டு கிளாஸுக்கு நடுவுல கோர்ஸ் மாத்துற நேரத்துல வைங்க. எப்படியும் 30 நிமிஷம் ஆகும், ரிங்ல குதிரை இருக்காது. ஆனா பரிசு கொடுக்கும்போது குதிரை மேல இருக்கிறவங்களுக்கு அவர் போய் சால்வை போர்த்தக்கூடாது. இறங்கி வந்து வாங்கிக்கட்டும். இதை அவரோட உதவியாளர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, மேடையில சொன்னா மனஸ்தாபம்.

குதிரை ஓடினா: பார்த்தவன் "லூஸ் ஹார்ஸ்"னு உரக்கக் கத்தணும், உடனே எல்லா வாசலும் மூடணும், முக்கியமா ரோட்டுப் பக்க வாசல். ரிங்ல இருக்கிற ரைடர் நிறுத்திடணும். மத்த எல்லாரும் இருந்த இடத்துலயே நிக்கணும். துரத்துறது, கையை விரிச்சுக்கிட்டு வழிமறிக்கிறது கூடாது. அந்தக் குதிரையோட சைஸ் ஒருத்தர் மட்டும் வாளியில கொள்ளோ ஓட்ஸோ குலுக்கிக்கிட்டு நிதானமா முன்னாடி போனா அதுவா வரும், இல்லன்னா மத்த குதிரைங்க நிக்கிற இடத்துக்குப் போய் நிக்கும்.

விழுந்த ரைடரைத் தூக்கி உட்கார வைக்கக்கூடாது, ஹெல்மெட்டைக் கழட்டக்கூடாது. டாக்டர் வர்ற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து அசைய வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தா போதும். ஆம்புலன்ஸ் முன்பக்கம் வெளிய பார்த்து நிக்கணும், அதோட வழியில ஒரு பைக் கூட நிக்கக்கூடாது. அதுக்கு 20 பேர்ல ஒருத்தன் தேவையில்லை, பள்ளி வாட்ச்மேன்கிட்ட ஒப்படைச்சுடுங்க.

குதிரைகிட்ட போறது பத்தி அரை மணி நேரம் வகுப்பு எடுங்க, வெள்ளிக்கிழமையே. இடது தோள் பக்கமா, பேசிக்கிட்டே போகணும். பின்னாடி போகணும்னா உடம்போட ஒட்டி, இல்லன்னா மூணு மீட்டர் தள்ளி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் உதை விழற தூரம். கயிற்றைக் கையில சுத்திக்கிட்டா குதிரை இழுத்தா விரல் போயிடும், மடிச்சுப் பிடிக்கணும். செருப்பு, சாண்டல் கூடாது, மூடின ஷூ மட்டும்.

---

கேட்_ஸ்டூவர்டு:

சூட்டையும் சேர்த்துக்கோங்க. 1 மீட்டர் கிளாஸ் மதியத்துல நடந்தா வெளிய வர்ற குதிரையை ஓட்டத்துக்கு இருக்கிற பையன் ஒரு தடவை பார்க்கணும். ஓய்வுல மூச்சு நிமிஷத்துக்கு 8ல இருந்து 16, இதயத்துடிப்பு 28ல இருந்து 44, சூடு 101.5 ஃபாரன்ஹீட்டுக்குள்ள. ஓடி வந்த உடனே இது எல்லாம் ஏறியே இருக்கும். நடத்தி, தண்ணி ஊத்தி கால் மணி நேரம் கழிச்சும் மூச்சு இறங்காம, வியர்வை நின்னு, தள்ளாடினா வெட்டைக் கூப்பிடணும். ஊத்துற தண்ணியை வழிச்செடுக்கணும்னு நின்னுட்டு இருக்க வேண்டாம், தொடர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தாலே சூடு வேகமா இறங்கும். பச்சைச் சோளத்தட்டு, விளையாட்டுக்காகக் கொடுக்கிற பிஸ்கட், எதையும் பசங்க வாயில ஊட்டக்கூடாது.

---

மண்ணும்_தண்ணியும்:

ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 கிலோ சாணி போடும். ரெண்டு நாள், 60 குதிரைன்னா சுமார் ரெண்டு டன், அதோட வைக்கோலும் சேரும். பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர்கிட்ட முன்னாடியே பேசிட்டா டிராக்டரோட வந்து அள்ளிட்டுப் போயிடுவார், மரத்தூள் போட்ட லாயத்துச் சாணியை மட்டும் தனியா வைக்கச் சொல்லுவார்.

ஞாயிறு ராத்திரி கடைசி வேலை: ஸ்டாண்ட்ல இருந்து விழுந்த பின்னு (கப்பை மாட்டுற கம்பி), லாட ஆணி, உடைஞ்ச கப் எல்லாத்தையும் பொறுக்குறது. பின்னை எண்ணித்தான் கொடுத்திருப்பீங்க, அதே எண்ணிக்கை திரும்ப வாளிக்கு வரணும். ஸ்பீக்கர் காந்தம் ரெண்டு மூணை ஒரு குச்சியில கட்டி ரிங் முழுக்க இழுத்துட்டு வாங்க. திங்கட்கிழமை காலையில அந்த மண்ணுலதான் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கும்.